வால் வைத்த வட்டமும் இரண்டு கொக்கியும்

எனக்கு எண்பத்தொரு வயது. நான்கு பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று, இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும். நான்காவது, அந்தப் பெண் விட்டுப்போன குழந்தை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வரும். சில நாள் அரைப் பக்கம். அவசரம் ஒன்றும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை செய்தேன். மடத்து அம்மாக்களை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், மாசேர் என்போம். மேஜைத் துணி, கைக்குட்டை, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்தந்த வீட்டுக்காரர்களின் பெயரெழுத்தைப் பின்னித் தருவது என் வேலை. பிரெஞ்சு எழுத்து இருபத்தாறும் எனக்குத் தெரியும், உருவமாக. எந்த எழுத்துக்கு என்ன ஓசை என்று கேட்டால் தெரியாது. கூடாரம் மாதிரி ஒன்று, பக்கம் பக்கமாய் நிற்கும் இரண்டு மலை மாதிரி ஒன்று, வால் வைத்த வட்டம் ஒன்று. அப்படித்தான் என் கணக்கு. என் தையலில் ஒரு நூல் பிசகியது என்று எந்த மாசேரும் சொன்னதில்லை.

எங்கள் வீடு அடிக்கிற வீடு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட் ஒன்று கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கும். சோறு குழைந்தால் எனக்கு. தம்ளர் உருண்டால் பெரியவனுக்கு. பெரியவன் அழுது முடித்ததும் சின்னவனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய்த் தான் வாங்கியதை அவனுக்குக் கொடுப்பான். சின்னவன் திருப்பிக் கொடுப்பான். ஒரு நாள் பெரியவனின் பல் ஒன்றைத் துளசிச் செடிக்கடியில் பொறுக்கினேன். நானும் அடித்தேன். ஊசி பிடிக்கிற கைதான், ஆனால் அறைந்தால் ஐந்து விரலும் பதியும். அவர் செத்த பிறகும் பெல்ட் ஆணியிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவன் பதினெட்டு வயதில் பிரான்சுக்குப் போனான். நான்கு வருடம் கழித்து வந்தபோது ஒரு கம்ப்யூட்டரையும் அதற்கென்றே ஒரு டி.வி.யையும் கொண்டுவந்தான். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரி இல்லை. தட்டுகிற பலகை மட்டும்தான், திரைக்கு டி.வி. எழுதியதைச் சேர்த்துவைக்கப் பாட்டு கேசட். அதே மாதிரி இன்னொன்று பிரான்சில் அவன் அறையில் இருந்தது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுவாள். தட்டியது கேசட்டில் ஏறும். பிரான்சுக்குப் போகிற யாராவது எடுத்துப்போவார்கள். அவன் அங்கே அதைத் தன் மிஷினில் போட்டுப் படிப்பான். எங்கள் கடிதம் அப்படித்தான் போனது. மகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கேசட்டில் ஏற்றுகிற பொத்தானில் அவளுடைய நகப்பாலிஷைத் தொட்டு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனான்.

சின்னவன் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். அண்ணனுக்கு ஒன்று என்றால் அவனுக்கும் ஒன்று வேண்டும். மெட்ராசுக்குப் போய், ரப்பர் பொத்தான் வைத்த இங்கிலீஷ்காரன் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணனின் கேசட்டைத் தன் மிஷினில் போட்டுப் பார்த்தான். கீச்சென்று கத்தியதே தவிர, எழுத்து வரவில்லை.

"ரெண்டும் ஒரே கேசட்டுதானேடா?" என்று கேட்டேன்.

"இவன் மிஷினு நம்ம டேப்ப சீந்தாதும்மா. அது வேற சாதி," என்றான் பெரியவன்.

"ஒன் மிஷினுக்கு ஏ எங்க இருக்கணும்னே தெரியல. ஊரு ஒலகத்துல இல்லாத எடத்துல கொண்டு போயி ஏ வச்சிருக்கான் ஒன் பிரெஞ்சுக்காரன்," என்றான் சின்னவன். அன்றைக்குக் கைகலப்பில்தான் முடிந்தது.

அவன் சொன்னது நிஜம்தான். மகள் டைப்ரைட்டிங் கிளாசில் இரண்டு வருடம் படித்தவள். "கண்ண மூடிக்கிட்டு அடிப்பேம்மா" என்பாள். ஆனால் பிரெஞ்சு மிஷினில் மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து தேடித் தேடித் தட்டுவாள். "அண்ணன் வாங்கியாந்த சனியன்ல எதுவும் எடத்துல இல்ல" என்று திட்டுவாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது பெரியவன். அவனும் சொல்தா வீட்டுப் பையன்தான், நோணாங்குப்பத்துப் பக்கம் வீடு. கூடப்பிறந்தவளைப் பிரான்சுக்கு அழைத்துப் போவான் என்று பெரியவன் நம்பினான். அந்த மாப்பிள்ளை பிரான்சுக்கும் போகவில்லை, வேறெங்கும் போகவில்லை. வீட்டில் இருந்துகொண்டு அவளை அடித்தான். முதல் வருடத்தில் கை உடைந்தது. பெண் குழந்தை பிறந்த பிறகு காது கிழிந்தது. ஒவ்வொரு முறையும் வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் மஞ்சள் பற்றுப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். நான் வாங்காததா என்பதுதான் என் எண்ணம்.

கடைசியாக வந்தது ஒரு புதன்கிழமை. ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். இடது கண் மூடிப்போயிருந்தது.

"இனிமே போவ மாட்டேம்மா."

"போவாம? இங்க ஒக்காந்து என்ன பண்ணப்போற?"

"நீ மட்டும் ஆசப்பட்டா அப்பாகிட்ட இருந்த? ஒனக்குப் போக்கிடம் இல்ல, இருந்த. எனக்கு நீ இருக்கல்ல?"

அந்த வார்த்தைக்கு அவளை அடித்தேன். வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து அவள் முன் பல்லில் ரத்தம் வந்தது. குழந்தை வீல் என்று கத்தியது. "நாலு மணிக்கு அவன் வருவான், மரியாதையா கெளம்பு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியது. கூடத்தில் பொத்தான் சத்தம் கேட்டது, அரை மணி நேரம் நிற்காமல். எட்டிப் பார்த்தேன். டி.வி.யைப் போடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் வருகிறானா என்று. பிறகு கேசட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"சின்னண்ணன் கடையிலேர்ந்து வந்ததும் இத குடு. டி.வி.ல போட்டு ஒனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு. இது பெரியண்ணனுக்கு இல்ல. ஒனக்கு."

நான் என்ன நினைத்தேன்? அண்ணனைவிட்டு எனக்கே புத்தி சொல்ல வைக்கிறாள், அம்மா அடித்தாள் என்று கோள் மூட்டுகிறாள் என்று நினைத்தேன். என் வீட்டில் என்னைப் பற்றி என் மகனிடம் பிராதா? தினம் மடத்துக்கு எடுத்துப்போகிற நூல்கண்டு டப்பாவில் கேசட்டைப் போட்டு மூடினேன். நான்கு மணிக்கு அவன் வந்து அவளை அழைத்துப்போனான். சின்னவனிடம் கொடுக்கவில்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆள் வந்தது. சீமெண்ணெய்.

அவள் முகத்தை எனக்குக் காட்டவில்லை. காலை மட்டும் காட்டினார்கள். பெருவிரல் நகத்தில் அந்தச் சிவப்புப் பாலிஷ் பாதி இருந்தது.

பிணவறை வாசலில், ஊர் ஜனம் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கை நீட்டினான். "இதோ நிக்கிறாளே, இவ பண்ண வேல. பெத்த பொண்ண வாயிலயே அடிச்சுத் தொரத்தனா. மனசு ஒடிஞ்சு ஊத்திக்கிட்டா. மூணு நாளா ஒரு வார்த்த பேசல." அடித்தேனே. போலீசும் அப்படியே எழுதியது, தானாக ஊற்றிக்கொண்டாள் என்று. தற்கொலை என்பதால் மாதா கோயில் மணி அடிக்காமல் புதைத்தோம். அவளுடைய பொருளை வாங்கிவரப் போனபோது தகரப் பெட்டி ஒன்று கயிறு கட்டித் தயாராக இருந்தது. அவளுடைய புடவை நான்கு, குழந்தையின் உடுப்பு எல்லாம், மடித்து மடித்து. சாக முடிவு பண்ணினவள்தான் எல்லாவற்றையும் இப்படி மடித்துவைப்பாள் என்று அங்கே யாரோ சொன்னார்கள். அதையும் நம்பினேன்.

பெரியவன் பிரான்சிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ பாத்த மாப்ளடா!" என்று சின்னவன் பாய்ந்தான். மேஜைமேல் இருந்த பிரெஞ்சு மிஷினை இரண்டு கையாலும் தூக்கி அண்ணன் தோளில் இறக்கினான். பட்டை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொத்தான்கள் பல் மாதிரித் தரையில் சிதறின. கீழே விழுந்ததை மறுபடியும் தூக்கி அடித்தான், மிஷின் இரண்டாகும்வரை. பெரியவன் ஒற்றைக் கையால் அவனைத் தள்ளிக்கொண்டு போய், கதவிடுக்கில் அவன் வலது கையை வைத்துக் கதவைச் சாத்தினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் சேலை முழுக்க யாருடைய ரத்தம் என்று தெரியாமல் ரத்தம். அந்தக் குழந்தைதான் என் நான்காவது.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தெட்டு வருடம்.

முப்பதாம் நாள் கழிந்து, நான் தனியாக இருந்தபோது, கேசட்டை எங்கள் பாட்டு கேட்கிற டேப்பில் போட்டேன். அலறல். மனிதக் குரலும் இல்லை, மிருகக் குரலும் இல்லை. நெருப்பு பிடித்தவள் கத்துகிற மாதிரி ஒரே இழுப்பாகக் கத்தியது. அந்த மாதிரிக் கேசட்டு எல்லாமே அப்படித்தான் கத்தும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மகள்தான் கத்துகிறாள் என்று பட்டது. நிறுத்திவிட்டு நூல் டப்பாவுக்குள் வைத்தேன். மிஷின் உடைந்துபோனதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அம்மா, நீ அடித்ததால்தான் சாகிறேன் என்று அதில் இருந்தால்? அதை யாரும் படிக்காமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன்.

பேத்தி வளர்ந்தாள், படித்தாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். இப்போது நாற்பது வயதை நெருங்குகிறாள். சின்ன வயதில் ஒரே ஒரு முறை கேட்டாள், "எங்கம்மா ஏன் ஆயா என்ன விட்டுட்டுப் போச்சு?" அவளையும் அறைந்தேன். பிறகு அவள் கேட்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவளுக்கு ஆள் வந்தது. அந்த மனிதன் கோரிமேட்டு ஆசுபத்திரியில் கிடக்கிறானாம், ஈரல் போய்விட்டதாம். பெற்ற மகள் வந்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றினால் நிம்மதியாகக் கண்ணை மூடுவானாம்.

பேத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஆயா, எங்கம்மா தானா செத்துதுன்னா, அந்தாளு வெறும் குடிகாரன். போயி தண்ணி ஊத்திட்டு வந்துடறேன். அவன்தான் கொளுத்தினான்னா ஊத்த மாட்டேன். எது? ஒனக்குத் தெரியும். ஏதோ தெரியும். என் மூஞ்சப் பாத்து சொல்லு."

நான் எழுந்துபோய் நூல் டப்பாவை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் கேசட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருக்கோ போன் போட்டு விசாரித்தாள். பிரான்சுக்கு அனுப்பினால் பழைய மிஷின் வைத்திருக்கிற சங்கத்தார் படித்துத் தருவார்களாம், மூன்று மாதம் ஆகுமாம். "அந்தாளுக்கு மூணு வாரங்கூட இல்லயாம் ஆயா" என்றாள்.

பெரியவன் பிரான்சில் ஓய்வு பெற்று, இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறான். அவனுடைய பிரெஞ்சு மிஷின் அவன் பெட்டியில் இருந்தது. டி.வி. மட்டும் இல்லை, கனம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தானாம். முன்பு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த டி.வி. எப்போதோ பழுதாகிப்போனது. அதற்கு இந்த ஊர் டி.வி. எதுவும் சேராது. மிஷின் கேசட்டைப் படிக்கும், ஆனால் காட்டாது. சின்னவனின் இங்கிலீஷ் மிஷின் கடைப் பரணில் இருந்தது, அதற்குத் தோதான டி.வி.யோடு. அது காட்டும், ஆனால் இந்தக் கேசட்டைப் படிக்காது.

இரண்டு பேரையும் பேத்தி என் வீட்டுக்கு அழைத்துவந்தாள். ஒரே மேஜை. ஒரு முனையில் பெரியவன், மறு முனையில் சின்னவன், நடுவில் நாற்காலி போட்டு நான். என் வழியாகத்தான் பேசினார்கள்.

"யம்மா, இத்தன வருஷமா இப்படி ஒண்ண ஒளிச்சு வச்சிருந்தியான்னு அவன கேக்கச் சொல்லு," என்றான் சின்னவன்.

"டேய், அத நீயே எங்கிட்ட கேளு. அவன எதுக்கு இழுக்கற?"

"சரி. மொதல்ல அவன் டேப் செட்ட குடுக்கச் சொல்லு."

பிரெஞ்சு மிஷினோடு வந்த டேப் செட்டைச் சின்னவன் திறந்தான். உள்ளே கரியாகத் தார் மாதிரி ஒழுகியிருந்தது. "பெல்ட்டு கரைஞ்சு போச்சும்மா" என்றான். நான் சட்டென்று கதவுப் பக்கத்து ஆணியைப் பார்த்தேன். அது அங்கேயே தொங்கியது. அவன் சொன்னது டேப்பைச் சுற்றுகிற ரப்பர். அதைச் சுரண்டி எடுத்து, அவனுடைய பெட்டியில் இருந்த வேறொன்றைப் போட்டான். கேசட்டையும் பிரித்து நாடாவைத் துடைத்து வேறு கூட்டில் சுற்றினான். ஒரு பகல் போனது.

பிறகு இரண்டு மிஷினுக்கும் நடுவே வயர். பிரெஞ்சு மிஷினில் காகிதத்தில் அச்சடிக்க ஒரு வாய் உண்டாம். ஒவ்வொரு எழுத்தையும் எட்டு வயரில் பிரித்து அனுப்புமாம். இங்கிலீஷ் மிஷின் எட்டையும் ஒரே நேரத்தில் கேட்டு எழுத்தாக்க வேண்டுமாம். சின்னவன் சூட்டுக்கோல் வைத்து ஈயம் உருக்கி ஒவ்வொன்றாக ஒட்டினான். வலது கையில் மூன்று விரல்தான்.

"யம்மா, அவன்கிட்ட சொல்லு. எட்டு வயரு, எட்டு வெரலு. கணக்கு சரியா இருக்கு. எல்லாம் அவன் புண்ணியம்."

பெரியவன் தோளைத் தடவிக்கொண்டான். "மழை வந்தா எனக்கு இங்க வலிக்கும். அதயும் சொல்லும்மா."

"ரெண்டு பேரும் பொத்துங்கடா வாய" என்றேன்.

நான்காம் நாள் மத்தியானம் எல்லாம் தயார். பெரியவன் திரை இல்லாமல், பார்க்க ஒன்றும் இல்லாமல், ஞாபகத்தில் தட்டினான். கேசட் சுற்றியது. நின்றது. "வந்துடுச்சு, உள்ள ஏறிடுச்சு. இப்ப அனுப்பறேன்னு சொல்லு" என்றான். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. சின்னவனின் டி.வி.யில் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தது. ஒரு வரி, இரண்டு வரி, திரை நிறைந்து மேலே ஏறியது.

பேத்தி படிக்கப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது. "இது எதுவும் வார்த்தயே இல்ல மாமா. தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. சும்மா குப்ப."

"மெர்த்!" என்றான் பெரியவன். பிரெஞ்சு வசவு. "அந்த வயர்தான். நொண்டிக் கையால ஒட்டினா இப்படித்தான் வரும்." முப்பத்தெட்டு வருடத்தில் அவன் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

சின்னவன் எழுந்தான். கையில் சூட்டுக்கோல் இருந்தது. அண்ணனின் முன்கையில் வைத்து அமுக்கினான். தோல் பொசுங்கிய நாற்றம் அறை முழுவதும். பெரியவன் கத்திக்கொண்டே அவன் குரல்வளையைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். ஒருவனுக்கு அறுபத்து மூன்று, ஒருவனுக்கு அறுபத்தொன்று. சின்னவனின் கண் பிதுங்கியது, நாக்கு வெளியே வந்தது. கால் மேஜையை உதைத்தது. மிஷின் இரண்டும் ஆடின. "விடுங்க மாமா! செத்துடுவாரு!" என்று பேத்தி கத்தினாள்.

நான் ஆணியில் இருந்து பெல்ட்டை எடுத்தேன். வாழ்நாளில் அதை நான் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. முதுகு, கை, தலை என்று பார்க்காமல் இரண்டு பேரையும் விளாசினேன். கொக்கி பட்டுப் பெரியவனின் புருவம் பிளந்தது. பிடியை விட்டான். சின்னவன் சரிந்து விழுந்து இருமினான். எனக்கு மூச்சு வாங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு நேராக அந்த டி.வி.

வால் வைத்த வட்டம். இரண்டு கொக்கி. மறுபடியும் வால் வைத்த வட்டம்.

முதல் வரியில் இருந்தது. அடுத்த வரியிலும். நான்கு வரி தள்ளி இரண்டு தடவை. அந்த வட்டத்தை நான் ஒரே ஒரு வீட்டுத் தலையணை உறைக்குத்தான் தைத்திருக்கிறேன், அவ்வளவு அபூர்வம். இங்கே வரிக்கு வரி நின்றது. இரண்டு முனையிலும் ஒன்றே, நடுவில் இரட்டை. அந்த அமைப்பு என் விரலுக்குத் தெரியும். என் மகள் ஒரு துணியில் பென்சிலால் எழுதிக் கொடுத்து, என் தலையணைக்கு என்று என்னையே தைக்கச் சொன்னது. கூடாரம், மலை, மலை, கூடாரம்.

"இது அம்மா" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"அவ என்ன கூப்புடறா. வரிக்கு வரி கூப்புடறா. எழுத்துதான் வேற. டி.வி. போடாம தெருவப் பாத்துக்கிட்டு அடிச்சாடா அன்னிக்கு. குனியவே இல்ல."

பேத்தி கணக்கு டீச்சர் இல்லையா. டி.வி.யையும் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சின்ன மாமா, ஒங்க மிஷின்ல ஏ எங்க இருக்கு? வெரல வைங்க. பெரிய மாமா, ஒங்க மிஷின்ல அதே எடத்துல என்ன இருக்கு?"

பெரியவன் புருவத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்தான். "க்யூ."

"எம் இருக்கிற எடத்துல?"

"கமா."

சின்னவன் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான், குரல் கரகரத்து: "டைப்ரைட்டிங் கிளாசு வெரலு. பாக்காம அடிச்சிருக்கா. வயரு சரியாத்தான் இருக்கு." பெரியவன் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவன் வாங்கிக் குடித்தான்.

பேத்தி ஒரு தாளில் இரண்டு மிஷினின் பொத்தான்களையும் வரைந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மாற்றினாள். தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாள் என் மகள். பேத்தி முடித்துவிட்டு, நின்றுகொண்டே படித்தாள்.

"அம்மா, நான் பேசினா நீ அடிக்கிற. அதனால தட்டறேன். அம்மா, ஞாயித்துக்கிழம அவன் என் தலைய தண்ணித் தொட்டியில அமுக்கினான். புள்ள பாத்துச்சு. வெளையாடறோம்னு நெனச்சுக்கிட்டு சிரிச்சுது. அம்மா, ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. நீயும் வாங்கினவதான். ஆனா நான் ஒன்ன மாதிரி இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழம சின்னண்ணன ஸ்கூட்டர் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பத்து மணிக்கு மேல அவன் வீட்ல இருக்க மாட்டான். பொட்டி கட்டி வச்சிருப்பேன். புள்ள கம்பளிக் குல்லா இங்கயே இருக்கட்டும், வந்து போட்டுக்கலாம். அண்ணன் வரலன்னா சனிக்கிழம நானே பஸ்சு ஏறிடுவேன். அவன் தடுத்தாலும் ஏறிடுவேன். அம்மா, கதவத் தொறந்து வை. அம்மா."

கயிறு கட்டிய பெட்டி. நாங்கள் போய் வாங்கிவந்த பெட்டி.

சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கிழம நான் கடையிலதான் இருந்தேன். கரண்டு இல்ல அன்னிக்கு. சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

பெரியவன் என்னைப் பார்த்தான். "நீ ஏம்மா குடுக்கல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேத்தியும். அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "வாயால சொல்லாத ஆயா. சொன்னா ஒன்ன அடிச்சிடுவேன். சத்தியமா அடிச்சிடுவேன். எழுது. ஒக்காந்து முழுசா எழுது. அப்பறம் படிக்கிறேன்."

மறுநாள் காலை அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கோரிமேட்டுக்கு பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பினாள். கை கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். நான் சோறு போட்டேன்.

"தண்ணி ஊத்தினியா?"

"இல்ல. படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

"அழல. மன்னிப்புக் கேக்கல. 'அந்த மிஷினத்தான் ஒடைச்சிட்டாங்களே, எப்படிப் படிச்ச?'ன்னான்."

சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை. "கை போச்சு ஆயா. அவன் தலகாணி மேல கை போச்சு. எடுத்து மூஞ்சில வச்சு அமுக்க எவ்ளோ நேரமாவும்? பக்கத்துக் கட்டிலுக்குத் தொணையா இருந்த ஒரு பொம்பள பாத்துக்கிட்டிருந்தா. அதுக்காக இல்ல. எதுக்குன்னு தெரியல. கைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவன் ஒன்பதாம் நாள் செத்தான். அவள் போகவில்லை. வந்து கூப்பிட்டவனைச் சின்னவன் வாசலோடு நெட்டித் தள்ளினான், பெரியவன் கதவைச் சாத்தினான். இப்போதும் அவர்கள் சண்டைதான் போடுகிறார்கள். ஆனால் என்னை நடுவில் உட்கார வைப்பதில்லை. பிரெஞ்சு மிஷின் சின்னவனின் கடையில் இருக்கிறது. பெரியவன் தினம் அதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

என் மகள் தானாகச் சாகவில்லை. என் அடியால் சாகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முழுவதும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை நான் மடத்தில் ஒரு மேஜைத் துணியை முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று மாசேர் சொன்னார். அன்றைக்கு நூல் டப்பாவை நான்கைந்து தடவையாவது திறந்திருப்பேன். திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கேசட் மேலேயே கிடந்தது.

இவ்வளவுதான். இரண்டு மாதம் ஆனது எழுதி முடிக்க.

கண்ணு, வந்து உட்கார். எழுத்து கோணலாக இருக்கும், பிழையைத் திருத்தாதே. முதலில் இருந்து படி. உன் அம்மாவை வாயில் அடித்தேன் என்று வருகிற இடத்தைத் தாண்டாதே. டப்பாவில் போட்டு மூடினேன் என்று வருகிற இடத்தையும். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன். உனக்குக் கை வந்தால் வரட்டும், நான் நகர மாட்டேன். ஆனால் முழுசாகப் படித்து முடி. சத்தமாகப் படி.